இன நீதிப் பணியில் "வெற்றி" என்று எதை எண்ணுவது? நியூ ஜெர்சி ஜாமீன் சீர்திருத்தத்தை முன்வைத்து

கயல்விழி (எடிசன், நியூ ஜெர்சி)

வணக்கம். நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கைது, ஜாமீன், சிறை என்று ஒவ்வொரு கட்டத்திலும் கறுப்பினத்தவருக்கும் லத்தீனோக்களுக்கும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) நடக்கும் பாகுபாட்டைக் குறைக்க எங்கள் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு குடிமக்கள் குழு வேலை செய்கிறது. இரண்டு வருடமாக நான் அதில் தன்னார்வலர். பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள் என்பதால் எண்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போக வேண்டும். தலைப்பு: "நம் வேலை பலித்தது என்று எதை வைத்துச் சொல்வோம்?" நிதி தருபவர்கள் ஒரே ஒரு எண் கேட்கிறார்கள். மூன்று வாரமாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

பின்னணி இதுதான். 2017 ஜனவரி 1 முதல் நியூ ஜெர்சியில் பண ஜாமீன் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அதற்கு முன்பு கவுன்ட்டி சிறைகளில் இருந்தவர்களில் 12 சதவீதம் பேர், 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்ட வழியில்லாமல் உள்ளே கிடந்தார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு கண்டது. குற்றம் நிரூபணமாகவில்லை, தீர்ப்பு வரவில்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். 2014 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது கைதானவரைப் பற்றிய ஒன்பது விவரங்களை வைத்து 1 முதல் 6 வரை இரண்டு மதிப்பெண் போடுகிறார்கள்: மறுபடி குற்றம் செய்வாரா, வாய்தாவுக்கு வராமல் போவாரா. ஆளை உள்ளேயே வைக்க வேண்டும் என்றால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, தனி விசாரணையில் நீதிபதியை நம்ப வைக்க வேண்டும்.

பலன் தெரிந்தது. 2012 அக்டோபரில் ஒரு நாள் எண்ணியபோது சிறைகளில் சுமார் 15,000 பேர். 2018இல் அதே தேதியில் 8,500க்கும் கீழே. அப்படி வெளியே வந்தவர்களில் கறுப்பினத்தவர் மட்டும் மூவாயிரம் பேருக்குக் குறையாது.

ஆனால் பங்கு? 2012இல் சிறையில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் 54 சதவீதம். 2018இலும் 54 சதவீதம். மாநில மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்.

எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருக்கிறார், சர்ச் வழியாக வந்தவர். "என் பேரன் ராத்திரி வீட்டில் தூங்குகிறான். இதற்குத்தான் நான் இருபது வருஷம் ஜெபம் பண்ணினேன்" என்கிறார். அவருக்கு எதிர் நாற்காலியில் ஓர் இளம் வக்கீல். "54 அசையாத வரைக்கும் நாம் எதையும் தொடவில்லை" என்கிறார். இருவரும் கறுப்பினப் பெண்கள். போன மாதம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே எழுந்து போனார்கள். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. அதனால்தான் பேனா நகரவில்லை.

முத்துக்குமார் (சான் ஹோசே)

கயல், 54 அசையாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எல்லாருக்கும் ஒரே வீதத்தில் குறைந்தால் பங்கு நகராது. நூறு பேரில் 54 பேர். பாதிப் பேரை வெளியே விட்டால் ஐம்பதில் 27. அதுவும் 54 சதவீதம்தான். ஆனால் 27 பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

பங்கையும் விகிதத்தையும் (வெள்ளையரைப் போல் கறுப்பினத்தவர் எத்தனை மடங்கு என்பதை) மட்டும் நம்புகிறவர்கள் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் சிறைவாச வீதம் 30.7 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் வெள்ளையினப் பெண்களின் வீதம் 47.1 சதவீதம் ஏறியது. இரண்டும் சேர்ந்துதான் இடைவெளியைச் சுருக்கின. விகிதத்தை மட்டும் அறிக்கையில் போட்டால் "பெரும் முன்னேற்றம்" என்று வரும். அந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதி, கூடுதலான வெள்ளைக்காரத் தாய்மார்கள் சிறைக்குப் போனது. அதை யாரும் வெற்றி என்று கொண்டாட மாட்டோம் இல்லையா?

மாநிலச் சிறைகளில் மொத்தமாக, வெள்ளையருக்கு எதிரே கறுப்பினத்தவரின் வீதம் 2000இல் 8.3 மடங்கு, 2016இல் 5.1 மடங்கு. இது உண்மையான இறக்கம். ஆனாலும் ஐந்து மடங்கு.

என் ஆலோசனை: விகிதத்தை எண்ணிக்கை இல்லாமல் ஒருபோதும் எழுதாதீர்கள். எண்ணிக்கையை விகிதம் இல்லாமலும் எழுதாதீர்கள்.

அ. செல்வராஜ் (மதுரை)

கயல்விழி அம்மா, நான் நாற்பது வருடம் கிரிமினல் பக்கம் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்கச் சட்டம் தெரியாது. ஆனால் எதிர்த்தரப்பில் நின்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

54ஐ ஏன் 15ஓடு ஒப்பிடுகிறீர்கள்? மக்கள்தொகையில் எத்தனை பேர் என்பதற்கும் வழக்கில் சிக்குபவர் எத்தனை பேர் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதல் குறுக்கு விசாரணையே வரும். சில ஏரியாவில் வறுமை அதிகம், குற்றமும் அதிகம் என்பார்கள். எதை அடி அளவாக வைக்கிறோம் என்பதை முதலில் கட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடி அளவு ஆடினால் எல்லாம் ஆடும்.

கயல்விழி (எடிசன்)

கோபம் எதற்கு ஐயா, சரியான கேள்வி. இதே கேள்வி நியூயார்க்கில் நீதிமன்றத்திலேயே வந்தது. அதைச் சொன்னால் விளங்கும்.

நியூயார்க் போலீஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போடும் பழக்கம் 2011இல் உச்சத்துக்குப் போனது. அந்த ஒரே வருடத்தில் 6,85,724 முறை. அதில் ஏறக்குறைய 88 சதவீதம் பேர் மீது கைதும் இல்லை, சம்மனும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், மூன்றில் ஒருவர் லத்தீனோ. வழக்கு 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் முன் முடிந்தது. நகரத்தின் வாதம் நீங்கள் சொன்ன அதே வாதம்: குற்றப் புகார்களில் சந்தேக நபர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், அதனால் நிறுத்தப்படுகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். நிரபராதிகளைக் குற்றவாளிகளோடு எப்படி ஒப்பிடுவது என்றார்.

இன்னொரு வழியும் அந்த வழக்கில் இருந்தது. ஆயுதம் கிடைத்தது எத்தனை முறை என்று பார்த்தார்கள். 2004 முதல் 2012 நடு வரை 44 லட்சம் நிறுத்தங்கள். கறுப்பினத்தவரை நிறுத்தியதில் ஆயுதம் கிடைத்தது 1.0 சதவீதம், லத்தீனோக்களிடம் 1.1, வெள்ளையரிடம் 1.4. அதாவது வெள்ளைக்காரரை நிறுத்தக் கொஞ்சம் வலுவான சந்தேகம் வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்கு லேசான சந்தேகமே போதுமாக இருந்தது. இந்த அளவுக்கு மக்கள்தொகைக் கணக்கே தேவையில்லை ஐயா.

அந்தப் படிவத்தையும் நான் பார்த்திருக்கிறேன். யுஎஃப்-250 என்று பெயர். ஏன் நிறுத்தினாய் என்பதற்குப் பக்கவாட்டில் கட்டங்கள். அதில் ஒன்று "கள்ளத்தனமான அசைவு". இன்னொன்று "குற்றம் அதிகமுள்ள பகுதி". பேனாவால் இரண்டு டிக் போட்டால் போதும், ஒரு பையனைச் சுவரில் கைவைத்து நிற்கவைக்கக் காரணம் தயார். கள்ளத்தனமான அசைவு என்றால் என்ன? தொப்பியை இழுத்துவிடுவதா, பாக்கெட்டில் கைவிடுவதா? அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு எனக்குப் புள்ளிவிவரத்தின் மீது இருந்த பக்தி கொஞ்சம் குறைந்தது. நாம் எண்ணுவது எல்லாம் யாரோ ஒருவர் அவசரத்தில் போட்ட டிக்.

இப்போது வெற்றிக் கேள்விக்கு வருகிறேன். 2019இல் பதிவான நிறுத்தங்கள் 13,459. 2011ஓடு ஒப்பிட்டால் 98 சதவீதம் குறைவு. கறுப்பினத்தவர் நிறுத்தப்பட்டது சுமார் மூன்றரை லட்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு இறங்கியது. பங்கு? 53 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாக ஏறியது. பங்கை மட்டும் பார்த்தால் நிலைமை மோசமாகிவிட்டது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ப்ரௌன்ஸ்வில்லில் பையன் வளர்க்கும் ஒரு அம்மாவிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ராமநாதன் (டல்லஸ்)

இரண்டு விஷயம்.

முதலாவது, பாதுகாப்பை விட்டுவிட்டு வெற்றி பற்றிப் பேசக்கூடாது. கொலை, கொள்ளைக்கு அதிகம் பலியாவதும் அதே கறுப்பினப் பகுதி மக்கள்தான். சிறையில் ஆள் குறைந்து தெருவில் பிணம் கூடினால் அது யாருக்கு நீதி? உங்கள் பக்கத்தில் இது ஒரு வரியாவது இருக்க வேண்டும். நியூயார்க்கில் நல்லவேளையாக அப்படி ஆகவில்லை. 2011இல் 515 கொலை, 2018இல் 295. நிறுத்தங்களை நிறுத்தினால் ஊர் பற்றி எரியும் என்று பயமுறுத்தினார்கள், எரியவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நமக்கே நஷ்டம்.

இரண்டாவது, டிக் பற்றிச் சொன்னீர்களே. சில வருடம் முன்பு டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் வேகமாகப் போனதற்கு என்னை நிறுத்தினார்கள். தப்பு என்மேல்தான், அபராதம் கட்டினேன். வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்துப் பார்த்தால் இனம் என்ற இடத்தில் "வெள்ளை" என்று இருந்தது. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவன் நான். அந்த அதிகாரி என்னைக் கேட்கவே இல்லை. என் மனைவி அந்தச் சீட்டை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இது என் ஒருவன் கதை இல்லை. டெக்சாஸில் லத்தீனோ ஓட்டுநர்களை வெள்ளையர் என்று பதிவு செய்வது வழக்கமாக இருந்ததை 2015இல் ஓர் ஆஸ்டின் தொலைக்காட்சி வெளியே கொண்டுவந்தது. 2016இல் நாடு முழுக்கப் பார்த்தபோது, கைதுப் பதிவில் இனம் எழுதும் மாநிலங்கள் 40, லத்தீனோவா என்று தனியாக எழுதுபவை வெறும் 15. லத்தீனோவை வெள்ளையர் பக்கம் தள்ளினால் வெள்ளையர் எண்ணிக்கை உப்பும், கறுப்பு வெள்ளை இடைவெளி சிறுத்துத் தெரியும். யாரும் ஒன்றும் செய்யாமலே "முன்னேற்றம்" வந்துவிடும். உங்கள் கவுன்ட்டி எண்ணில் இனத்தை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

தீபன் (லண்டன்)

கயல்விழி, உங்கட 54 கதையை வாசிக்க எனக்கு இங்கத்தைய கணக்கொண்டு ஞாபகம் வந்தது. டேவிட் லாமி எண்ட எம்.பி. 2017 செப்டெம்பரில ஒரு அறிக்கை குடுத்தவர், அரசாங்கம் கேட்டு எழுதினது. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் சனத்தொகையில வெள்ளையர் அல்லாதவை 14 வீதம் (சதவீதம்), மறியலில, அதாவது சிறையில, 25 வீதம். பிள்ளையளின்ர மறியலில 40 வீதத்துக்கும் மேல. 2006இல 25 வீதமா இருந்தது 2016இல 41 வீதம். பேப்பருகள் இதைத்தான் பெரிசாப் போட்டவை.

ஆனா அதே பத்து வருசத்தில மறியலில இருந்த பிள்ளையளின்ர மொத்தத் தொகை கிட்டத்தட்ட 2,900இல இருந்து 1,000க்குக் கீழ இறங்கிட்டுது. நான் ஒரு கடதாசியில போட்டுப் பாத்தன், ஒரு மட்டமான கணக்குத்தான். 2,900இல 25 வீதம் 725. பிறகு 1,000 எண்டே வைச்சா 41 வீதம் 410. வெள்ளைப் பிள்ளையள் 2,175இல இருந்து 590. ஆக எங்கட பக்கத்துப் பிள்ளையளிலயும் நூற்றுக்கணக்கானவை வீட்ட இருக்கினம். அது பெரிய விசயம். ஆனா வெள்ளைப் பிள்ளையளில நாலில மூண்டு பங்கு வெளியில வந்திட்டுது, எங்கட பிள்ளையளில பாதி கூட வரேல்லை. உங்கட பாட்டியும் சரி, அந்த வக்கீல் பிள்ளையும் சரி எண்டு நீங்கள் எழுதினது இதுதான். ரெண்டும் ஒரே கடதாசியில இருக்க வேணும்.

லாமியின்ர அறிக்கையில எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஒண்டு, பாகுபாடு இல்லாத இடத்தையும் அவர் சொன்னவர். ஜூரிமாரின்ர தீர்ப்பில இன வித்தியாசம் தெரியேல்லை. இப்பிடி ஒவ்வொரு படியாப் பாத்தாத்தான் எங்க கை வைக்கிறது எண்டு தெரியும். மற்றது நம்பிக்கை. கறுப்பு, ஆசிய ஆம்பிளையள் குற்றத்தை ஒத்துக்கொள்ளாமல் வழக்குப் பேசுறது வெள்ளையரைவிட ஒண்டரை மடங்குக்கு மேல. ஏனெண்டால் அரசாங்கம் குடுக்கிற வக்கீலை அவை நம்பேல்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டால் தண்டனையில மூண்டில ஒரு பங்கு வரை குறையும். நம்பிக்கை இல்லாததின்ர விலை அவ்வளவு மாசம் மறியல். நம்பிக்கையை அளக்க ஏலாது எண்டு சொல்லுறவைக்கு இதைக் காட்டுங்கோ.

என்ர மகனை அவன் படிக்கப் போன ஊரில ஒருக்கா ஸ்டேசன் வாசலில நிப்பாட்டித் தேடினவை. ஒண்டும் எடுக்கேல்லை. குடுத்த துண்டில "வேறு ஆசியர்" எண்டு இருந்தது. இலங்கைத் தமிழருக்கெண்டு ஒரு பெட்டி இல்லை, அந்த "வேறு"வுக்குள்ளதான் நாங்கள். அவன் அந்தத் துண்டை இன்னும் பேர்சுக்குள்ள வைச்சிருக்கிறான். ஏன் எண்டு கேட்டன், சொல்லேல்லை.

நிலா (சிகாகோ)

நான் சமூகப் பணியாளர், விசாரணைக்குக் காத்திருப்பவர்களின் குடும்பங்களோடு வேலை. இலினாய் 2023 செப்டம்பர் 18இல் பண ஜாமீனை முழுசாக ஒழித்தது, நாட்டிலேயே முதல் மாநிலம். அந்த வாரம் எங்கள் ஆபீசில் அழுதவர்கள் உண்டு, நான் உட்பட.

ஆனால் கயல், சிறையில் எத்தனை தலை என்று மட்டும் எண்ணினால் காலில் மாட்டும் பட்டை, ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் மின்னணுப் பட்டை, கணக்கில் வராது. சிறையிலிருந்து வெளியே விட்டதாக எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் ஆள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், காலைச் சுவர் பக்கம் நீட்டி, பட்டைக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு. நான் பார்த்த ஒரு அப்பா, குப்பைப் பையைப் பின் சந்துக்கு எடுத்துப் போகக்கூட மகளை அனுப்பினார். கோடு எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது, போன் வந்துவிடுமோ என்ற பயம். எட்டு வயது மகள். பை அவள் முழங்காலில் இடித்து இடித்துப் போனது. வாரத்தில் இரண்டு நாள் கடைக்கும் டாக்டரிடமும் போய்வர விட வேண்டும் என்று 2022இல் சட்டம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

அதனால் உங்கள் பக்கத்தில் "சிறை" என்று எழுதாமல் "கட்டுப்பாட்டில் இருப்பவர்கள்" என்று எழுதி, சிறை, பட்டை, வாராவாரம் கையெழுத்து என்று பிரியுங்கள். இனவாரியாக.

மல்லிகா (டொரன்டோ)

சுருக்கமாக ஒன்று. எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினோம், எத்தனை அறிக்கை எழுதினோம் என்பதை வெற்றியாக எழுதிவிடாதீர்கள். கனடாவில் பூர்வகுடி மக்களுக்குத் தண்டனை தரும்போது அவர்கள் பின்னணியைப் பார்க்க வேண்டும் என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் கிளாடூ வழக்கில் சொன்னது. பின்னணி அறிக்கைகள் எழுதப்படுகின்றன, நீதிபதிகள் படிக்கிறார்கள், கருத்தரங்கு நடக்கிறது. 2020 ஜனவரியில் மத்தியச் சிறைகளில் பூர்வகுடி மக்களின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டியது. நாட்டில் அவர்கள் 5 சதவீதம்.

முத்துக்குமார் (சான் ஹோசே)

தீபன் அண்ணா சொன்ன படிப்படியான கணக்கு நல்லது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு படியிலும் "முந்தின படியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர்" என்று கணக்குப் போடுவோம். போலீஸ் வாசலில் ஒரே தவறுக்கு ஒருவரை சம்மன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, இன்னொருவரை வாரன்டில் உள்ளே போட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீதிபதி முன்னால் வருபவர்களின் கலவையே வேறு. நீதிபதி எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தியிருப்பார், அவருடைய படி சுத்தமாகத் தெரியும். ஆனால் கடைசியில் சிறைக்குள் 54. அதனால் படிக்கணக்கும் வேண்டும், கடைசிக் கணக்கும் வேண்டும்.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊரில் 1 முதல் 6 என்றீர்களே. ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்ட்டியில் பயன்படுத்திய காம்பஸ் என்ற வேறொரு மதிப்பெண் முறையை 2016இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் சோதித்தது. பிறகு கைதே ஆகாதவர்களில், "ஆபத்து அதிகம்" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்: கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5. தயாரித்த கம்பெனி சொன்னது: ஒரே மதிப்பெண் வாங்கிய கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அளவில்தான் மறுபடி கைதாகிறார்கள், எனவே பாகுபாடு இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரு குழுக்களின் மறுகைது வீதம் வேறாக இருக்கும்போது இந்த இரண்டு வகைச் சமத்துவமும் ஒன்றாக வரவே முடியாது, கணிதமே விடாது. எதைச் சமத்துவம் என்று எடுப்பது என்பதைப் புரோகிராம் எழுதுகிறவன் முடிவு செய்யக்கூடாது, உங்கள் குழு மாதிரி ஒரு மேஜையில் அது முடிவாக வேண்டும். அதோடு "மறுகைது" என்பதே போலீஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அ. செல்வராஜ் (மதுரை)

கயல்விழி அம்மா, நியூயார்க் விளக்கம் எனக்குப் போதும். அடி அளவை மக்கள்தொகையில் கட்டாமல், சோதனையில் என்ன கிடைத்தது என்பதில் கட்டலாம் என்று புரிந்துகொண்டேன்.

என் அனுபவத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். ரிமாண்டில் எழுபது நாள், எண்பது நாள் கிடப்பான். கடைசியில் சாட்சி இல்லை என்று வழக்கு போய்விடும். விடுதலை என்று ஒரே வரி. அந்த எண்பது நாள் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. தண்டனை பெற்றவர் கணக்கில் அவன் வரமாட்டான். விடுதலை ஆனவர் கணக்கில் அவன் நல்ல செய்தியாக வருவான். அங்கே இதை எண்ணுகிறீர்களா?

கயல்விழி (எடிசன்)

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

கலீஃப் ப்ரௌடர் என்று ஒரு பையன். நியூயார்க் ப்ராங்க்ஸ். 2010இல் 16 வயதில் ஒரு பையைத் திருடினான் என்று பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர், குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், அதில் ஏறக்குறைய இரண்டு வருடம் தனிமைக் கொட்டடி. குற்றத்தை ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. 2013இல் வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015 ஜூனில், 22 வயதில், தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டான்.

எங்கள் கவுன்ட்டி எக்செல்லைத் திறந்து, இப்படி ஒரு பையன் எங்கள் ஊரில் இருந்தால் எந்தக் கட்டத்தில் தெரிவான் என்று தேடினேன். தண்டனைப் பத்தியில் இல்லை. சராசரித் தண்டனைக் காலத்தில் இல்லை. மறுகுற்றத்தில் இல்லை. "வழக்கு முடிந்தது: தள்ளுபடி" என்ற ஒரு செல்லில் இருப்பான், நீங்கள் சொன்ன மாதிரி நல்ல செய்தியாக. உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும் வேறொரு ஷீட்டில் இருக்கின்றன. இரண்டையும் இதுவரை யாரும் சேர்த்ததில்லை. நேற்று இரவு உட்கார்ந்து வழக்கு எண்ணை வைத்துச் சேர்த்தேன். என்ன வந்தது என்று குழுவுக்குச் சொல்லாமல் இங்கே போட முடியாது, மன்னியுங்கள். படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

செவ்வாய்க்கு எழுதப்போவது இதுதான். முதல் வரி: கடைசியில் தண்டனை பெறாதவர்கள் அதற்கு முன் கட்டுப்பாட்டில் கழித்த நாட்கள், இனவாரியாக, எண்ணிக்கையாகவும் ஆயிரம் பேருக்கு எத்தனை என்றும். பட்டை நாட்கள் தனி வரி, நிலாவுக்கு நன்றி. அதன் கீழே ஒவ்வொரு முடிவும், அதை எடுத்த அலுவலகத்தின் பெயரோடு: போலீஸ் சம்மன் கொடுத்ததா வாரன்ட் எடுத்ததா, அரசு வழக்கறிஞர் உள்ளே வைக்க மனுப் போட்டாரா, நீதிபதி ஏற்றாரா. பெயர் போட்டால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். லாமி அறிக்கையும் அதைத்தான் கேட்டது, வித்தியாசம் இருந்தால் காரணம் சொல், சொல்ல முடியாவிட்டால் மாற்று என்று. ராமநாதன் சார் சொன்ன பாதுகாப்பு வரியும், இனத்தை யார் எழுதினார்கள் என்ற குறிப்பும் உண்டு. 54ஐ மேலே பெரிதாகவே போடுகிறேன். அதை மறைத்தால் அந்த இளம் வக்கீல் என் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் செய்வது சரி.

ஒரே எண்தான் வேண்டும் என்று நிதி தருபவர்கள் அடம்பிடித்தால் அந்த முதல் வரியைக் கொடுப்பேன். அது ஏமாற்றிக் குறைய வழியில்லாத எண் என்று நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.

முத்துக்குமார் (சான் ஹோசே)

ஒரு வழி இருக்கிறது. தள்ளுபடி செய்ய வேண்டிய வழக்கில், உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கணக்குக் காட்டி, சின்னக் குற்றம் ஒன்றை ஒத்துக்கொள்ள வைத்து முடித்தால், அந்த ஆள் உங்கள் முதல் வரியிலிருந்து மறைந்துவிடுவார். அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

கயல்விழி (எடிசன்)

சேர்த்துவிட்டேன். நல்லவேளை சொன்னீர்கள்.

கயல்விழி (எடிசன்)

செவ்வாய்க் கூட்டம் முடிந்தது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். நிதி தருபவர்கள் இரண்டு எண்ணுக்கு இறங்கி வந்திருக்கிறார்கள், 54 ஒன்று, முதல் வரி ஒன்று. ராமநாதன் சார், இனத்தை எழுதுவது சிறை வாசலில் உள்ள அதிகாரி, கேட்டு எழுத வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்று தெரிந்தது. அடுத்த மாத வேலை அது.

அந்தப் பாட்டி மட்டும் கடைசி வரை பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு "நாள் என்று போட்டிருக்கிறாய், இரவு என்று மாற்று" என்றார். பேரனை ஒரு தடவை சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு விட்டார்களாம். எங்கள் ஷீட்டில் இருபத்து நான்கு மணி நேரம் ஆகாவிட்டால் பூஜ்ஜியம் நாள். "நான் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்த ராத்திரி அது. பூஜ்ஜியமா?" என்று கேட்டார். அந்த இளம் வக்கீல்தான் பேனாவை எடுத்து முதலில் அடித்து மாற்றியது.

முத்துக்குமார், உள்ளே வந்த நேரம் ஷீட்டில் இருக்கிறது, ஆனால் சிலவற்றில் 12 மணிக் கணக்கு, சிலவற்றில் 24 மணிக் கணக்கு, கலந்து கிடக்கிறது. இரவுகளாக மாற்ற ஒரு கை கொடுக்க முடியுமா? பெயர்களை எடுத்துவிட்டு மாதிரி வரிசை மட்டும் அனுப்புகிறேன்.